மூடியில் ஒட்டிய புழுக்கள்

ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில், உருளைக்கிழங்குப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வண்டிச் சாவியை வைத்திருந்தான் ஓமர். எல்லார் கண்ணிலும் படட்டும் என்றுதான்.

“நாளைக்குச் சாயங்காலம் நானே கொண்டுபோய் விட்டுடறேன். மாப்பிள்ளை டுவெய்ன் போன் பண்ணான். குடிய விட்டுட்டானாம்.”

மகள் கொலெட் வீங்கியிருந்த இடது கையை மடியிலேயே போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “போன தடவையும்தான் விட்டான். நான் போகலப்பா.”

“எலும்பு ஏதும் உடைஞ்சுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் மில் ஊரில் கல்யாணமான பெண்ணுக்கு இதுதான் அளவுகோல். எலும்பு முறிந்தால் பாதிரியார்கூடக் கொஞ்சம் யோசிப்பார். முறியாவிட்டால் பெற்றவர்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டு, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு காபியும் குடித்துவிட்டு வருவார்கள். பெரிய மனுஷத்தனமாம்.

ஓமரின் மனைவி பெர்னடெட் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். முன்பு இரண்டு தடவையும் மகளின் துணிகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தவளே அவள்தான்.

மறுநாள் பெர்னடெட் வழக்கம்போல் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். காகித மில்லின் கழிவுச் சேற்றை உருளைக்கிழங்கு வயல்களில் உரமாகக் கொட்டிவிட வேண்டும் என்பது மில்காரர்களின் ஆசை. சேற்றில் ஒரு ரசாயனம் இருந்தது. அது மண்ணில் வாழும் உயிர்களைக் கெடுக்குமா என்று சோதித்துச் சொல்லும் வேலை இந்தக் கூடத்துக்கு வந்திருந்தது. சில கண்ணாடி ஜாடிகளில் ரசாயனம் கலந்த மண், சிலவற்றில் சுத்தமான மண். எல்லாவற்றிலும் மண்புழுக்கள், மேலே ஓட்டை போட்ட மூடி. விளக்கை அணைப்பதே கிடையாது. புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் மண்ணுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

சுத்தமான மண்ணில் ஒரு புழுகூட வெளியே தெரியவில்லை. ரசாயன ஜாடிகளிலோ பாதிப் புழுக்கள் அந்த வெளிச்சத்தையும் பொருட்படுத்தாமல் சுவரில் ஏறி, மூடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஹாஸ்கல், இன்னைக்கும் ஏறி வந்திருக்கு.”

மேற்பார்வையாளன் ஹாஸ்கல் அவளைவிடச் சின்னவன், கெட்டவனும் இல்லை. எட்டிப் பார்த்தான். “பிரஷ்ஷால உள்ள தள்ளி மூடிய இறுக்குங்க, பெர்னடெட்.”

“மேல வந்துச்சுன்னு சொல்ல வேண்டாமா?”

“அத யாரும் நம்மகிட்ட கேக்கல. தலைப்பக்கம் தொட்டா அசையுதா? அப்போ உயிரோட இருக்கு. செத்துச்சா, சாகலையா, அதான் கேள்வி.” சிரித்தான். “குடியிருக்கற இடம் புடிக்கலைன்னு புழு சொன்னா நாம என்ன பண்றது?”

பெர்னடெட் பிரஷ்ஷால் ஒரு புழுவைத் தொட்டாள். தலையைச் சுருக்கிக்கொண்டது. எத்தனையோ வருஷமாகத் தள்ளிப் பழகிய கை, தானாகவே அதை ஜாடிக்குள் தள்ளப் போனது. அப்போதுதான் முந்தின நாள் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. மடியில் கிடந்த மகளின் கை ஞாபகம் வந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

மூடிகளில் ஒட்டியிருந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தமான மண்ணில் விட்டாள். அவை சட்டென்று உள்ளே புகுந்து மறைந்தன.

“என்ன காரியம் பண்றீங்க? சோதனை மொத்தமும் பாழாப் போச்சே.”

“தெரியும்,” என்றாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டு முன்னால் ஓமர் வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான். பின் சீட்டில் கொலெட் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். பெர்னடெட் கதவைத் திறந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இறங்கும்மா.”

“பெர்னா, ஊர் என்ன பேசும்? இப்ப அவளுக்கு என்ன ஆயிடுச்சு? உயிரோடதான இருக்கா?”

“உயிரோட இருக்கறதாலதான் இங்க வந்தா, ஓமர். செத்தப்புறம் எவ வருவா?”

தாயும் மகளும் உள்ளே போன பிறகும் வண்டியின் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஓமர் அணைத்தான்.

பெர்னடெட்டுக்கு வேலை போயிற்று. ஹாஸ்கல் வேறொரு பெண்ணை வேலைக்கு எடுத்து, புது மண், புதுப் புழுக்களோடு சோதனையை மறுபடி நடத்தினான். ஏறி வந்ததையெல்லாம் அவள் ஒழுங்காக உள்ளே தள்ளினாள். ஒன்றும் சாகவில்லை. ஆகவே மண்ணுயிர்களுக்குக் கேடில்லை என்று முடிவாயிற்று. பனி உருகியதும் வயல்களில் சேற்றைக் கொட்டினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், ஓமர் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு சர்ச்சுப் பூசைக்குப் புறப்பட்டான். வயலோரத்தில் தார்ச்சாலை சிவப்பாகத் தெரிந்தது. கிட்டப் போனால் அத்தனையும் மண்புழு. வயலிலிருந்து ஏறி வந்து, காய்ந்து கிடந்த தாரில் நெளிந்துகொண்டிருந்தன. மழைக்கு வந்தவை அல்ல; மழை பெய்து ஒரு வாரமாகியிருந்தது.

ஓமர் வண்டியை நிறுத்தினான். மேலே ஓட்ட அவனுக்குக் கால் வரவில்லை. கண்ணாடியில் பின்னால் இருந்த மகளைப் பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அப்புறம், பூசைக்கு நேரமாகிவிட்டது என்று, அவனைச் சுற்றிக்கொண்டு புழுக்களின் மேலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.