அனுசியாவின் பழைய எண்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. போடியில் ஒரு செல்போன் கடையில், என் போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று சொன்னாலும் சரிதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "போடிமெட்டு வளைவுகளில் பனி இறங்கும் காலையில்…" (வேண்டாம். அந்தப் பனியை அனுசியா பார்ப்பதேயில்லை. பதினான்கு பேர் நெருக்கும் ஜீப்பில் அவளுக்குத் தெரிவது முன்னால் இருப்பவளின் முதுகுதான்.)

2

அனுசியா ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுப்பவள். தினமும் கேரள எல்லை தாண்டி மேலே போய், சாயங்காலம் இறங்குவாள். அவள் கணவன் சோணைதான் அந்த ஜீப்பின் டிரைவர். நான்கு வருடத்துக்கு முன், அவள் வயிற்றில் பிள்ளை இருந்தபோது, அவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. இப்போது யாரையாவது கூப்பிட இரண்டு முறை கைதட்டுவான்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம், பிறக்காத பிள்ளையிடம் அவன் பேசியதையெல்லாம் அவள் போனில் பதிந்து வைத்தாள். ஒன்பது பதிவுகள். "தங்கம், ஒங்காத்தாள ரொம்ப ஒதைக்காத. அப்பாவுக்கு ஒரு சோலி இருக்கு, முடிச்சிட்டு வெரசா வந்துர்றேன்."

மகள் ரோஜாவுக்குப் புரிகிற வயது வரட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் போன் ஓடையில் விழுந்துவிட்டது.

பதிவுகள் அழியவில்லை. பெரிய கம்பெனி ஒன்றில் அவள் பெயரிலுள்ள கணக்கில், எந்த நாட்டிலோ பத்திரமாக இருக்கின்றன. கணக்கைத் திறக்க ஆறு இலக்கம் வேண்டும். அது அவளுடைய பழைய தமிழ்நாட்டு நம்பருக்குத்தான் வரும். தோட்டத்தில் அதற்கு டவர் கிடைக்காது என்று, எல்லோரையும் போல அவளும் கேரள சிம் வாங்கிக்கொண்டு பழையதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தாள். அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

கம்பெனிக்குப் பதினோரு முறை எழுதிப் போட்டாள். பதினோரு முறையும் ஒரே பதில்: 'உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்.'*

* இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்ததும் அதே கம்பெனியின் இலவசப் பக்கத்தில்தான். இந்த இடத்தில் திரை நின்று, 'இது நீங்கள்தானா?' என்று கேட்டது. எரிச்சலில் எல்லாவற்றையும் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு திறந்த மென்பொருளுக்கு மாற்றிவிட்டேன். அதில் எழுத்து கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. பழகிக்கொள்ளலாம்.

3

அந்தச் செல்போன் கடைக்காரி சிவரஞ்சனியை முதலில் எல்லாம் தெரிந்தவளாக எழுதியிருந்தேன். அது பொய். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதே மாதிரித் திறந்த மென்பொருளைப் போட்டு அனுசியா வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் நாள் ஓடவேயில்லை. மறுநாள்தான் ஓடியது.

"யாரு வேணா பிரிச்சுப் பாக்கலாம்க்கா, இதுல ஒளிவு மறைவு கெடையாது. படம், பேச்சு எல்லாம் ஒங்க வீட்லயே இருக்கும். சாவி ஒங்க கைல."

அதில் முதலில் ஏறியது ரோஜாவின் சிரிப்பும் சோணையின் இரண்டு கைதட்டல்களும்.

"இனிமே உள்ளது இருக்கும். பழசு?"

"அது அங்கனதான்க்கா" என்று சிவரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள்.

சோணை நோட்டில் எழுதிக் காட்டினான்: 'போகட்டும். நான் இருக்கேன்ல.'

"நீங்க இருக்கீக மாமா. ஒங்க கொரல நான் கேட்டுட்டேன். அவ கேக்கலைல" என்று அழுதாள் அனுசியா. இதை எழுதும்போது நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

4

ஒரு முடிவில், கம்பெனி மன்னிப்புக் கேட்டுக் கணக்கைத் திறந்து… (நானே நம்பவில்லை.)

இன்னொன்றில், சிவரஞ்சனி கணக்கின் பூட்டை உடைத்து… (கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். "பூட்ட ஒடைக்கிறது என் சோலி இல்லண்ணே" என்று கோபித்துக்கொண்டாள்.)

ஆகவே, அந்தப் பழைய நம்பர் உங்களிடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன் அடிக்கிறது. தெரியாத கேரள நம்பர். "வச்சுறாதீக. யாரு பெத்த புள்ளையோ தெரியல. இப்ப ஒங்களுக்கு ஆறு நம்பர் வந்துருக்கும். அதச் சொன்னீகன்னா…" என்கிறது ஒரு பெண்குரல். பின்னால் ஒரு குழந்தை சிரிக்கிறது. யாரோ இரண்டு முறை கைதட்டுகிறார்கள்.

ஆறு இலக்கமும் உங்கள் திரையில் இருக்கிறது. கீழே, 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றும் இருக்கிறது. நல்ல அறிவுரைதான். என் வீட்டிலும் எல்லோருக்கும் நான் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பத்து நிமிடம்தான் அது செல்லும். அனுசியா இன்னும் போனை வைக்கவில்லை.