பச்சை முகத்து மாதா

என் மாமனார் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஊரார் முகங்களையெல்லாம் சின்னச் சதுரத்துக்குள் அடைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஆசை ஆசையாய் ஆயில் பெயின்டில் நான் வரைந்து கொடுத்த தன் படத்தைப் பார்த்து, "என்ன மாப்ள, நான் போய்ச் சேர்ந்து ரெண்டு நாள் ஆன மாதிரி இருக்கேனே" என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை அவர் வருவதற்குள் தோல் நிறம் கைவந்தாக வேண்டும். இடைக்கால ஐரோப்பாவின் மேரி மாதா படம் ஒன்றைப் புத்தகத்தில் பார்த்து வரைய உட்கார்ந்தேன். மடியில் குழந்தை. அந்தக் கால ஓவியர்கள் உடம்புக்கு முதலில் பச்சை பூசி, அதன்மேல்தான் சிவப்பும் வெள்ளையும் ஏற்றுவார்களாம். அவர்கள் முட்டை மஞ்சளில் குழைத்த வண்ணம் உடனே காயும். ஆயில் அப்படிக் காயாது. தெரிந்தும், அவசரக்குடுக்கை நான் ஈரப் பச்சைமேலேயே சிவப்பைத் தேய்த்தேன். மாதாவின் முகம் சாம்பலாகிவிட்டது. வழித்துவிட்டு மறுபடி பூசினேன். மறுபடியும் சாம்பல்.

"பாவம், அந்தம்மாவுக்கு என்ன சீக்கு?" என்றாள் மனைவி.

வெறுத்துப்போய், முகத்தை வழித்துப் பச்சை மட்டும் பூசி விட்டுவிட்டுக் குழந்தைக்குப் போனேன். நான் மாதாவோடு மல்லுக்கட்டிய நாட்களில், குழந்தைக்கு முதல் நாளே பூசிவைத்த பச்சை நன்றாகக் காய்ந்திருந்தது. ஏனோதானோவென்றுதான் பூசினேன், கிள்ளலாம் போலக் கன்னம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலப் படக் குழந்தைகளுக்கே உரிய கிழட்டு முகம். ஏறிய நெற்றி, தொங்கிய கன்னம், எதைப் பார்த்தாலும் ஒரு அதிருப்தி.

"ஐயோ, அச்சு அசல் எங்கப்பா!" மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

படத்தை ஒளிக்க இடம் தேடுவதற்குள் அவரே வந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குழந்தையை உற்றுப் பார்த்தார்.

"இது நான்தானே?"

"இல்ல மாமா, அது வந்து..."

"நான்தான். இப்பத்தான் தோல் தோலா இருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமிக்குப் போக வேண்டிய பாராட்டை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

"அம்மா முகம்தான் பாக்கி மாமா. இப்ப பச்சை காஞ்சிடுச்சு, சீக்கிரம் முடிச்சிடறேன்" என்று பிரஷ்ஷை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க மாப்ள. எங்கம்மா போனப்ப நான் இந்தக் குழந்தை அளவுதான். ஊரையே போட்டோ எடுத்தேன், அவளோட போட்டோ ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. நீங்க முடிச்சீங்கன்னா அது வேற யாரோ ஆயிடும்."

பிரஷ்ஷைத் துணியில் துடைத்து வைத்தேன். என் மனைவி இந்த முறை சிரிக்கவில்லை.