இடது கால் பட்ட பாடு

எங்கள் வாலிபால் அணிக்கு உடற்பயிற்சி கொடுப்பவன் என் அண்ணன்தான். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் நாள் கடத்துவான். ஃபோர்ஸ் பிளேட்டைக் கண்டால் மட்டும் முகம் மலரும். தரையோடு பதித்த இரண்டு பலகைகள் அவை. காலுக்கு ஒன்றாக ஏறி நின்று குதித்தால், எந்தக் கால் எவ்வளவு உந்துகிறது என்று திரை காட்டிவிடும்.

திரை என் இடது காலை நோஞ்சான் என்றது. உடனே இடதுக்கு மட்டும் தனி எடை, தனிப் படியேற்றம். நானும் மாங்கு மாங்கென்று செய்தேன். அடுத்த சோதனையில் இடது இன்னும் கீழே. எடையைக் கூட்டினான், அது மேலும் சரிந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"வலது கால்தாண்ணா தள்ளாடுது."

"உனக்கு அப்படித் தோணுது. திரையைப் பாரு. ஏமாத்தாம செய்யிறியா, இல்லையா?"

சுருக்கென்று தைத்தது. அம்மாவிடம் போய் அழுதேன். "ரெண்டும் உன் கால்தானேடி, எதுக்கு இந்த ஓரவஞ்சனை?" என்று அவள் சிரித்தாள். போகப்போக எனக்கே இடதுதான் சோர்வதுபோல் தோன்ற ஆரம்பித்தது.

அணித் தேர்வுக்கு முந்தைய நாள் கடைசிச் சோதனை. வலைக்கு முன்னால் எம்பி அடிப்பவள் நான். எம்பாவிட்டால் அணியில் இடமில்லை. எப்போதும் பலகையில் இரண்டு காலையும் ஊன்றியே நிற்போம். அன்று கடுப்பில் அங்கேயே நின்று, ஷூ கயிற்றை இறுக்க வலது காலைத் தூக்கினேன். திரையில் இடது கோடு பொத்தென்று விழுந்தது. வலது கோடு ஜம்மென்று நின்றது.

"அண்ணா, நான் எந்தக் கால்ல நிக்கிறேன்?"

திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்னை இறங்கச் சொல்லி மண்டியிட்டு, இடப்பக்கப் பலகையைத் தூக்கினான். அடியில் 'வலது' என்று எழுதியிருந்தது. தரைக்குப் புது ரப்பர் விரித்தபோது அவனேதான் மாற்றிப் பதித்திருக்கிறான். தேறிய காலையே இத்தனை வாரமும் தேற்றியிருக்கிறோம். நோஞ்சான் வலது சும்மா கிடந்திருக்கிறது.

கத்தித் தீர்க்க வாயைத் திறந்தேன். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"நாளைக்கு எந்தக் காலை நம்பி எம்புவே? உனக்கு எப்படி இருக்கு, நீயே சொல்லு," என்றான். முதல்முறையாக என்னிடம் கேட்கிறான்.

வலதா, இடதா? நின்று நின்று யோசித்தேன். என் காலைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் தானாகத் திரைக்குப் போயிற்று.