லாபம், ரெண்டு, மூணு

1

நடேசன் எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து நூற்று எழுபது ரூபாய். அவன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய வகையில் நான் கட்டியது: டாக்டர் பார்த்ததற்கு முந்நூறு, பிடுங்கியதற்கு எழுநூறு, மாத்திரைக்கு நூற்று எழுபது. போன செவ்வாய்க்கிழமை, லாரி இறக்கி முடித்துக் கை கழுவும்போது அவன் கேட்டான்: "ஏண்ணா, நான் உனக்கு எவ்வளவு தரணும்? ஆயிரத்து நூத்தி எழுபதா, ஆயிரத்து இருநூறா?"

அந்தக் கேள்வியால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். நடேசன் இருபது வருஷமாக என்னோடு இந்தத் தெலுங்கு ஊரில், போவன்பள்ளி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் போன மாதம் எந்த லாரியில் எத்தனை மூட்டை உருளைக்கிழங்கு வந்தது என்று கேளுங்கள், கடைக்காரர் நோட்டைப் புரட்டுவதற்குள் சொல்லிவிடுவான். எழுத்துத் தெரியாதவனுக்கு ஞாபகம்தான் நோட்டு. அந்த நோட்டைக் கிழித்தவன் நான்.

(இதைக் கடைசியில் சொன்னால்தான் கதை நன்றாக இருக்கும். எனக்கும் தெரியும். ஆனால் கடைசிவரை என் தைரியம் தாங்குமா என்று தெரியவில்லை. அதனால் இங்கேயே இறக்கி வைத்துவிட்டேன்.)

2

முதலில் வேறு மாதிரி தொடங்கினேன்.

"அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வானம் மேகமூட்டத்தோடு"

விட்டுவிட்டேன். வானத்தை நான் பார்க்கவே இல்லை. மூட்டை தூக்குகிறவன் தரையைத்தான் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பழக்கம் போகாது.

அடுத்து இப்படி: "ஜகதீசன் படித்தவன்."

அந்த ஜகதீசன் நான்தான். படித்தவன் என்பது பாதி உண்மை. நாற்பத்து மூன்றாம் வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டேன், எட்டு வருஷம் ஆகிறது. லாலாகுடா ரயில்வே காலனிக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில் 'கூடல் அரங்கம்' என்று ஒரு நாடகக் குழு இருக்கிறது. ரயில்வே பட்டறைத் தமிழர்கள் தொடங்கியது, இப்போது பாதிப் பேர் ஐடிக்காரர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் தமிழ் வகுப்பு வைத்திருந்தார்கள். அங்கே நாற்காலி அடுக்கிக் கூலி வாங்கப் போன நான், அடுக்கி முடித்துக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு எட்டு வயது. "அங்கிள், உங்க ழ-வுக்குத் தோக லேது" என்று தெலுங்கு கலந்து திருத்தும்.*

* தோக லேது என்றால் வால் இல்லை. பிள்ளைகளுக்கு மூன்றாவது மாதம் சலித்துவிட்டது, வகுப்பு நின்றுபோனது. அதற்குள் நான் கற்றுக்கொண்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் தேறியது நான் ஒருவன்தான் என்று மார்க்கெட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நடேசனிடம்தான் அதிகம்.

இந்த வருஷம் கூடல் அரங்கம் மூன்று இசை நாடகம் போடுகிறது. நடிக்க ஆள் எடுக்கிறோம், பாடத் தெரிந்த யாரும் வரலாம் என்று செல்போனில் அறிவிப்பு வந்தது. அதை நடேசனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன், பக்கத்துக் கடைக்காரனுக்கும் கேட்கிற மாதிரி.

அவன் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "யாரும்னா நம்மளுமாண்ணா?" என்று கேட்டான்.

3

ஆடிஷன் நடந்த அன்று கூடத்து வாசலில் நாற்பது பேர் இருப்பார்கள். நடேசன் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பல் எடுத்த பக்கம் நாக்கை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த ஓட்டை வழியாகக் காற்று போய்ச் சுருதி விலகுமோ என்று அவனுக்குப் பயம்.

முதல் நாடகத்தில் அரண்மனைக் காவல்காரன் என்று ஒரு வேஷம். ராத்திரி முழுக்க மணி சொல்லிக்கொண்டு நிற்பான், நாடகம் முழுக்க மேடையில் இருப்பான், பாடிக்கொண்டே இருப்பான். அதுதான் வேண்டும் என்றான் நடேசன். நின்றுகொண்டே இருப்பது நமக்குத் தெரிந்த வேலை என்று காரணமும் சொன்னான்.

நாடகத்தை நடத்துகிற சௌம்யா வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். கோயம்புத்தூர்ப் பெண், பகலில் ஐடி வேலை. தாளில் காவல்காரன் பாட்டு நாலு வரி. மெட்டைக் கீபோர்டுக்காரர் ஆண்டனி இரண்டு முறை வாசித்துக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சௌம்யா என்னிடம், "இங்கிலீஷ் எழுத்துல இருக்கு அங்கிள், பரவாயில்லைதானே? நிறைய பேருக்குத் தமிழ் படிக்க வராது, அதான்" என்றாள்.

தமிழ்ப் பாட்டுதான். இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

எனக்கு இங்கிலீஷில் தெரிந்தது லாரி நம்பரில் வருகிற 'டி', 'என்' இரண்டு எழுத்தும்தான். தமிழ்நாட்டு லாரியா இல்லையா என்று பார்க்க அது போதும். "தமிழ் எழுத்துல ஒண்ணு குடும்மா" என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பாள். நடேசன் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லம்மா" என்றேன்.

அந்தத் தாளில் மூன்று 'டி' இருந்தது. 'என்' பத்துக்கு மேல்.

நடேசன், "படிண்ணா. ரெண்டு தடவ சொன்னாப் போதும்" என்றான்.

நான் தாளைப் பார்த்தேன். கண்ணை வரிக்கு வரி நகர்த்தினேன். வாயில் வந்ததைச் சொன்னேன்:

ஊரெல்லாம் தூங்குது ராசா, ஒரு சாமம் ஆச்சு
உன் கதவைக் காத்து நின்னு என் காலு வீங்கிப் போச்சு
ஒண்ணு ரெண்டு மூணுன்னு உனக்கு மணி சொன்னேன்
உனக்கு எப்போ விடியுமுன்னு ஒருத்தர் கேட்கக் காணேன்

இதுதான் நான் எழுதிய முதல் கதை. எழுதாமலே எழுதியது. இரண்டு தடவை சொன்னேன், அவன் பிடித்துக்கொண்டான்.

4

(இந்தப் பகுதியை நாலு தடவை எழுதிவிட்டேன். ஒரு தடவை சௌம்யாவைத் திமிர் பிடித்தவளாக எழுதினேன். அவள் எங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்த மாதிரி. சுளிக்கவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். அவளைக் கெட்டவளாக்கினால் என் பாரம் குறையும், அவ்வளவுதான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.)

நடேசன் பாடினான். எப்படிப் பாடினான் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாவது வரியில் அவன் "லாபம் ரெண்டு மூணுன்னு" என்று பாடினான்.

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் தர்மபுரிப் பக்கம் தானியம் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் படி லாபம். அப்புறம் ரெண்டு, மூணு. நானும் அவனும் மூட்டைக்கும் அப்படித்தான் எண்ணுவோம். இருபது வருஷமாக அவன் நாக்கு 'ஒன்று' என்று சொன்னதில்லை. பாட்டிலும் சொல்லவில்லை.

யாரோ சிரித்தார்கள். சௌம்யா கையில் இருந்த தாளைப் பார்த்தாள், நடேசனைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது நம்ம பாட்டு இல்லையே அங்கிள். யார் எழுதினது?"

"பேப்பர்ல இருந்ததுதாங்க. இதோ, அண்ணன் படிச்சுச் சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூடத்தில் நான் எழுத்துக் கற்றுக்கொண்ட அதே நாற்காலிகள்.

நான் சொன்னேன்: "நான் சரியாத்தாங்க படிச்சேன். அவனுக்கு மறதி. பாருங்க, ஒண்ணுங்கிறதையே லாபம்னு மாத்திட்டான்."

எழுதிவிட்டேன்.

நடேசன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் என்னை நம்பினான். "ஆமாங்க, மறந்திருப்பேன்" என்றான்.

சௌம்யா தன்மையாகத்தான் சொன்னாள். குரல் அருமை, ஆனால் இந்த வேஷத்துக்குப் பதினொரு பாட்டு, ஒருத்தர் வரி மாறினால் மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று. ஷ்யாம் என்று ஒரு பையனுக்கு வேஷம் போனது. நடேசனைக் கூட்டத்தில் நிற்கிற ஊர்க்காரனாக வரச் சொன்னாள். அவன் போகவில்லை.

5

அதற்கு அப்புறம் நடேசன் மூட்டையை இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தான். ஒரு தடவை எண்ணிவிட்டு நிற்பான், மறுபடி முதலிலிருந்து லாபம் சொல்லுவான். கடைக்காரர் திட்டினார், உனக்காக லாரி நிற்குமா என்று. வீட்டுக்காரியிடம் வல்லாரைக்கீரை வாங்கி வரச் சொன்னானாம். "வயசாயிருச்சுண்ணா, தலையில நிக்க மாட்டேங்குது" என்று என்னிடமே சொன்னான். நான் ம் போட்டேன்.

பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அவன் சட்டைப்பையில் பன்னிரண்டு நூறு ரூபாய் நோட்டு இருந்தது. தர வந்தவனுக்குத் தொகை சந்தேகம். நான் ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்லியிருந்தாலும் எண்ணிக் கொடுத்திருப்பான். அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

கூடல் அரங்கத்தின் ஆண்டு மலருக்குக் கதை கேட்டிருக்கிறார்கள். இதை அதற்குத்தான் எழுதுகிறேன். சௌம்யா படிப்பாள். ஆனால் படிக்க வேண்டியவனுக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், இந்த முறை தாளில் இருப்பதை.

வரும் ஞாயிறு இரண்டாவது நாடகத்துக்கு ஆடிஷன்.

6

முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வாசித்ததும் நடேசன் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறான். (அவன் அழுது நான் பார்த்ததில்லை. பல் பிடுங்கியபோது அழுதது நான்.)

இன்னொன்று: என்னை ஓங்கி அறைகிறான். (இது எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

இன்னும் ஒன்று: நான் வாசிக்கவே இல்லை. மலரில் கதை வருகிறது, எல்லோரும் நல்ல கதை என்கிறார்கள், நடேசனும் கை தட்டு

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. நாளைக்கு வாசிக்கப் போகிறேன். மிச்சத்தை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

7

வாசித்தேன். காலை பத்து மணி, வெங்காய லாரி போன பிறகு, காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்து. நாலாம் பகுதியில் என் குரல் தாழ்ந்துபோனது. "சத்தமாப் படிண்ணா" என்றான். சத்தமாகப் படித்தேன்.

முடிந்ததும் அவன் சாக்கிலிருந்து ஒரு நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அப்போ நான் மறக்கல" என்றான்.

"மறக்கலடா."

"மூணு மாசமாக் கீரை தின்னேன்."

அந்தப் பணத்தை விட்டுவிடு, நீ எனக்கு எதுவும் தர வேண்டாம் என்றேன்.

"நக்கோ" என்றான். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு. கோபம் வந்தால்தான் அவனுக்கு இந்த ஊர்ப் பேச்சு வரும். "நீ தள்ளி விட்டா நான் மறந்த மாதிரியே ஆயிடும். நான் கொடுத்தாத்தான் எனக்கு ஞாபகம் இருந்த கணக்கு." அப்புறம், "அந்தப் பாட்டு இருக்கிற எடத்தத் திருப்பிப் படி" என்றான்.

மூன்றாம் பகுதியைத் திருப்பி, நாலு வரியையும் படித்தேன்.

"ரெண்டாவது வரி தப்பு. கதவு இல்ல. உன் வாசலைக் காத்துன்னு சொன்ன. கதவுன்னா உள்ள இருக்கறவன் சாத்திக்குவான். வாசல்னாத்தான் நிக்கிறவன் நின்னுக்கிட்டே இருக்கணும். இத நெனச்சுத்தான் அன்னிக்கு நான் பாடினேன்."

யோசித்துப் பார்த்தேன். வாசல்தான். நானே சொன்னதை நானே தப்பாக எழுதி வைத்திருக்கிறேன், எழுத்துத் தெரிந்தும்.

அதைத் திருத்தப் பேனாவை எடுத்தேன். அப்புறம் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மூன்றாம் பகுதியில் கதவு அப்படியே இருக்கிறது. நீங்களே திரும்பிப் போய் அடித்துவிட்டு, வாசல் என்று எழுதிக்கொள்ளுங்கள். யார் ஞாபகம் சரி என்பதற்கு நீங்கள்தான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று கேட்டேன். அவன் சாக்கை உதறி மடித்தான். வந்தானா என்று இங்கே எழுத மாட்டேன். அவனுக்குத் தெரியாமல் அவன் வாயில் ஒரு தடவை வார்த்தை வைத்தது போதும். வருவான் என்று நீங்கள் நினைத்தால், கூடத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

அவன் சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்தான். ஒவ்வொன்றாக என் கையில் வைத்தான். "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கிப் பதினொன்று வரை ஒரே தடவைதான் எண்ணினான். பன்னிரண்டாவது நோட்டை டீக்கடையில் மாற்றி வந்து எழுபது ரூபாய் கொடுத்தான். மிச்சம் முப்பதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த லாரியைப் பார்க்கப் போனான்.