கிழிசல் மேலே தெரியும்படி

அன்று மதியத்துக்குப் பிறகு அந்த முன்னறையில் இருந்தவர்கள்: மூட்டு வலியோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாய். அவளுடைய அண்ணன், பெண்ணுக்குத் தாய்மாமன், பேருந்து டிப்போவில் டைம்கீப்பர்; வந்ததிலிருந்து சுவர்க்கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு அதன் மேல் நம்பிக்கை இழந்திருந்தார். மாப்பிள்ளையின் உம்மா, மடிப்புக் கலையாத துப்பட்டாவில். மாப்பிள்ளை, அதாவது தம்பி, கைகளைத் தொடைமேல் அடக்கமாக வைத்துக்கொண்டு. அப்புறம் அக்கா. அக்கா அறையில் இருந்தாள் என்பதைவிட, அறைக்கும் சமையலறைக்கும் நடுவே நிலைப்படியில் நின்றாள் என்பதே சரி. கல்யாணப் பெண் வரவில்லை. தம்பியைக் கட்டியிருந்த முதல் மருமகளும் இல்லை. அவள் தைத்துப் போட்ட சன்னல் திரை மட்டும் தொங்கியது. நல்ல தையல் என்று பெண்ணின் தாய் அதைத் தொட்டுப் பார்த்தாள். யார் தைத்தது என்று அவள் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

தம்பிக்குத் தெருவில் ‘முந்திச் சலாம்’ என்று பெயர். எதிரே வருபவர் வாயைத் திறப்பதற்குள் இவன் சலாம் சொல்லியிருப்பான். முந்திச் சொல்பவருக்கு நன்மை அதிகம் என்பதால் சிலர் இவனோடு போட்டி போட்டுப் பார்த்தார்கள். மூலை திரும்பும்போதே ஆரம்பித்தும் தோற்றார்கள். வேலை மருந்துக்கடையில். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று அட்டையின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பான். அஸர் என்னும் பின்மதியத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நற்குணங்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவான். யாரோ அதைப் பதிவுசெய்து போனில் அனுப்ப, ஊர் முழுக்கக் கேட்கும். இதில் எதுவும் பொய்யில்லை. அந்தப் பெரியவர்களிடம் அவன் காட்டும் பொறுமை நடிப்பில்லை என்று அக்காவுக்குத் தெரியும். நடிப்பாக இருந்திருந்தால் விஷயம் சுலபம்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். கணவன் இறந்தபின் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததும் பிடித்த வேலை. சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்புகள் தட்டையாக வந்து விழும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, நெருங்கி, விலகி, மடிக்க வேண்டும். அங்கே கறாரான சட்டம் ஒன்றுதான். கிழிசல் உள்ள விரிப்பைக் கிழிசல் மேலே தெரியும்படி மடித்துத் தனியே வைக்க வேண்டும். உள்ளே மறைத்து மடித்தால் அது எங்கோ ஒரு வார்டில், எழுந்து உட்கார முடியாத ஒருவருக்கு அடியில்தான் விரியும். புதிதாக வருகிறவர்களின் கை தானாகவே கிழிசலை உள்ளே தள்ளும். “அழகா மடிக்கச் சொல்லலடி, உள்ளதைக் காட்டி மடி” என்று மேற்பார்வைக்காரி கத்துவாள்.

உருளைச் சத்தத்துக்கு எல்லோரும் காதில் ஏதாவது மாட்டியிருப்பார்கள். அக்கா தம்பியின் பேச்சைக் கேட்பாள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் கைவிட்டபோது விரல்கள் ஈரமானதையும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதையும் அவன் சொன்ன விதத்தில், அக்காவின் கை ஒரு விரிப்பைப் பாதி மடிப்பில் அப்படியே நிறுத்திவிட்டது. என்ன குரல். வெதுவெதுப்பான, அவசரமில்லாத குரல். அந்தக் குரலை அவள் காதில் மாட்டும் கருவியில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

வீட்டில் அவன் குரல் வேறு. அதுவும் உயராது, அதுதான் சங்கதி. கை ஓங்கியதில்லை, வசை பாடியதில்லை. மல்யுத்தத்தில் ஜெயிப்பவன் வீரனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற போதனையை அவன் சட்டையில் பொத்தான் மாதிரி அணிந்திருந்தான். முதல் மருமகள் பதில் பேசினால், அது சமையலைப் பற்றியோ அவள் தாய்வீட்டுக்குப் போவதைப் பற்றியோ இருக்கும், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் வெளியே நில்லு. கோபம் தணியட்டும்” என்பான். மருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பது போன்ற குரலில். அவள் போனதும் கதவு மெதுவாக மூடும், பூட்டு திரும்பும். மாடிப்படியில் செருப்பில்லாமல் நிற்பாள். மேல்வீட்டுக்காரர்கள் ஏறி வந்தால் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வாள். தோடு தொலைந்துவிட்டது என்பாள். கட்டடத்தில் இருக்கிற எல்லோரும் ஏதோ ஒரு நாள் அவளோடு சேர்ந்து அந்தத் தோட்டைத் தேடியிருக்கிறார்கள்.

சாரல் அடித்த ஒரு மாலையில் அக்கா தன் சாவியால் கதவைத் திறந்து அவளை உள்ளே அழைத்தாள். மறுநாள் பூட்டு மாறியது. புதுப் பூட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று அவனிடம், ஒன்று உம்மாவின் இடுப்பில். அன்றிலிருந்து அவன் அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். அவள் எதிரே நிற்கும்போதே, “உம்மா, சட்டையில பட்டன் போயிடுச்சு, தைக்கச் சொல்லுங்க” என்பான். ஒருவரோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமலிருப்பது ஆகாது என்று அவன் உருக்கமாகப் பேசியதை அக்கா சலவைக்கூடத்தில் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள், என்ன ஜோக், எனக்கும் சொல்லு என்றாள். கொஞ்ச நாளில், கதவு திறந்தபோது மருமகள் படிக்கட்டில் இல்லை. செருப்பு உள்ளேயே கிடந்தது. பொறுமை இல்லாதவள் என்று உம்மா தீர்ப்பு எழுதி வழக்கை முடித்தாள்.

இப்போது இரண்டாவது சம்பந்தம். பெண் நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாளாம், வாயாடியாம், அவள் தாயே சிரித்துக்கொண்டு சொன்னாள். வாயாடி என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா வாசல் கதவின் பூட்டைப் பார்த்தாள். காலையில் உம்மா அவளைக் கூப்பிட்டு, கேட்டால் தங்கமான குணம் என்று மட்டும் சொல் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அக்கா சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தன் துணிப்பையில் இரண்டு செட் உடுப்பு, வேலைக்கூட அடையாள அட்டை, சுகர் மாத்திரை, போன் சார்ஜர் எல்லாவற்றையும் வைத்து வாசல் செருப்புகளுக்குப் பக்கத்தில் மாட்டினாள். செருப்பையும் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

அஸர் பாங்கு சொன்னதும் ஆண்கள் இருவரும் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். தாய்மாமன் போட வசதியாக அவருடைய செருப்பைத் தம்பி குனிந்து திருப்பி வைத்தான். அவர் கூச்சத்தில் நெளிந்தார், முகம் மலர்ந்துவிட்டது.

கதவு சாத்தியதும் பெண்ணின் தாய் அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“தெருவுல கேட்டேன், கடையில கேட்டேன், எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. வெளியில எப்படின்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க கூடப் பிறந்தவங்க. வீட்டுல எப்படிம்மா?”

“அவன் தொழுதுட்டு வரட்டும். அவன் இல்லாதப்ப நான் வாயைத் திறந்தா புறம் பேசுனதா ஆயிடும். வந்ததும் இதே கேள்வியை அவன் முன்னாடி கேளுங்க.”

அந்த அம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். “புகழ்றதுக்கு ஆள் எதிர்ல இருக்கணும்னு இல்லையே.”

“இல்லதான்” என்றாள் அக்கா.

உம்மா சிரித்து, இவள் எப்போதும் இப்படித்தான், விளையாட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டே அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அடுப்பில் பால் இருந்தது. உம்மா அதைப் பார்க்கவில்லை. இந்த வயதில் அவனுக்கு ஒரு குடும்பம் அமைவதைக் கெடுத்து உனக்கு என்ன கிடைக்கும் என்றாள். தான் கண்ணை மூடினால் அவனைப் பார்த்துக்கொள்ள யார் என்றாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“அடுத்தவன் குறையை மறைச்சா அல்லாஹ் நம்ம குறையை மறைப்பான். தெரியாதா உனக்கு?”

“குறை அவனோட நின்னா மறைக்கலாம் உம்மா. இது இன்னொருத்தி மேல போய் விழப்போகுது. கேக்கறவங்களுக்குச் சரியான யோசனை சொல்றது அமானிதம், நம்மள நம்பி ஒப்படைச்ச பொறுப்பு. அதையும் உங்க மகன்தான் சொன்னான்.”

“வெளியே அனுப்பிட்டான்னா எங்கடி போய் நிப்பே?”

“நிக்கிற இடம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. படிக்கட்டு.”

உம்மா அவள் கையை விட்டாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே துணியை எடுக்கப் போகவில்லை.

ஆண்கள் திரும்பியபோது தாய்மாமன் தம்பியின் தோளில் கைபோட்டிருந்தார். பள்ளிவாசலில் இவனுக்கு எத்தனை பேர் வழிவிட்டார்கள், ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று தங்கையிடம் அளந்தார். உம்மா அவசரமாக டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். பேச்சு மண்டபத்துக்கு, நாளுக்கு, யார் யாரை அழைப்பது என்பதற்குப் போயிற்று. பெண்ணின் தாய் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க மாட்டாள் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள். கேட்காதவரை சொல்ல வேண்டியதில்லை. வாசலில் மாட்டிய பையை மறுபடி அலமாரியில் வைத்துவிடலாம். ஒரு நிம்மதி மெல்ல உடம்பில் பரவியது. அந்த நிம்மதி அவளுக்குப் பிடிக்கவே இல்லை. கிழிசலை உள்ளே தள்ளும் கைக்கு இருக்கும் நிம்மதி அது.

பெண்ணின் தாய் கோப்பையைக் கீழே வைத்தாள். “தம்பி தப்பா நினைக்காதீங்க. உங்க அக்காகிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க வந்ததும் சொல்றேன்னாங்க.”

அறை முழுக்க அக்காவைப் பார்த்தது. தம்பியைத் தவிர. அவன் சன்னல் திரையைப் பார்த்தான்.

“கை ஓங்க மாட்டான்” என்றாள் அக்கா. “கத்த மாட்டான். கெட்ட வார்த்தை வராது, கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது. கோபம் வந்தா பொண்டாட்டியை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டிடுவான். ‘கொஞ்சம் வெளியே நில்லு, கோபம் தணியட்டும்’னு மெதுவாத்தான் சொல்லுவான். மொத மருமக வெறுங்காலோட அந்தப் படியில நின்னா. ஒருநாள் நான் திறந்துவிட்டேன். அன்னையிலேருந்து என்கிட்ட பேசறதில்ல. அவ்வளவுதான். இதுல கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.”

தம்பியின் புன்னகை இடம் மாறவில்லை. அவன் தாய்மாமனைப் பார்த்துப் பேசினான், பள்ளிவாசல் குரலில். தான் எதையும் மறுக்கவில்லை என்றான். கோபத்தில் மிருகமாகிற ஆண்கள் எத்தனையோ பேர். தான் விலகிக்கொள்கிறவன், கோபத்தை விழுங்கத்தானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வீட்டு விஷயத்தைச் சபையில் வைத்ததுதான் வருத்தம், அதையும் தான் மன்னித்துவிட்டதாகச் சொன்னான். கேட்க இதமாக இருந்தது. தாய்மாமன் மூச்சு விட்டார். அடியில்லை, உதையில்லை, இதைப் போய்ப் பெரிதாக, எந்த வீட்டில்தான் கதவும் பூட்டும் இல்லை என்று சிரித்தார். உம்மாவும் கூடவே சிரித்தாள்.

“விலகறவன்தான்டா வெளியே போகணும்” என்றாள் அக்கா. “அவளை எதுக்கு அனுப்புனே?”

தம்பி பிஸ்கட் தட்டைத் தாய்மாமன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“வீட்டாளுங்ககிட்ட நல்லவனா இருக்கறவன்தான் உங்கள்ல நல்லவன்னு போன வாரம் நீதான் பேசினே. துணி மடிச்சுக்கிட்டே கேட்டேன். நல்லாத்தான் பேசினே. அதை நம்பித்தான் இன்னைக்கு வாயைத் திறந்தேன்.”

தம்பி கோப்பையை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்துக் கீழே வைத்தான். “உம்மா, டீ ஆறிடுச்சு. வேற போடச் சொல்லுங்க” என்றான். அக்கா கை நீட்டினால் அந்தக் கோப்பையைத் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் நின்றாள். பெண்ணின் தாய் அவனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் மரியாதை. வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார் தாய்மாமன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. தம்பி வாசல்வரை வந்து, எங்களுக்காக இறைவனிடம் துஆச் செய்யுங்கள் என்று அவர் கையை இரண்டு கையாலும் பற்றினான். பெண்ணின் தாய் யார் கையையும் பற்றவில்லை, மாடிப்படியின் கைப்பிடியைத்தான் பற்றினாள். ஒவ்வொரு படியாக, வலிக்கிற காலை முதலில் இறக்கி. இது சாதாரணம், நீ மனதைக் குழப்பிக்காதே என்று அவளுடைய அண்ணன் முன்னால் இறங்கிக்கொண்டே சொல்வது கேட்டது. இருவரும் திருப்பத்தில் மறைந்தார்கள்.

அக்கா செருப்பில் காலை நுழைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். உள்ளே உம்மா கோப்பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. தம்பி கதவைத் திறந்து பிடித்திருந்தான். விருந்தாளிகள் போய்விட்டார்கள் என்று நினைத்தான். கீழே திருப்பத்தில், இறங்க முடியாமல் ஒரு படியில் நின்றுவிட்ட அந்த வலிக்கிற காலை அவன் பார்க்கவில்லை. இத்தனை மாதத்தில் முதல் முறையாக அவன் அக்காவிடம் நேராகப் பேசினான். குரல் உயரவில்லை.

“கொஞ்சம் வெளியே நில்லு. கோபம் தணியட்டும்.”

கீழே தாய்மாமனின் பேச்சு பாதியில் நின்றது.

“நிக்க மாட்டேன்டா” என்றாள் அக்கா. “போறேன்.”

அவள் படியில் காலை வைத்தாள். திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி பெண்ணின் தாய் தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முதுகுக்குப் பின்னால் கதவு, எப்போதும் போல மெதுவாக மூடியது. பூட்டு திரும்பியது.