பதினேழு நீச்சல்காரர்கள்

...ஃப்ரூஷ்டுக்கன் என்றால் காலைச் சாப்பாடு சாப்பிடுவது, அதற்கு முன்னால் டூஷன், குளிப்பது, அதற்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டுமே, அந்தச் சொல் எங்கே போய்த் தொலைந்தது... தொலையட்டும், எழுந்திருக்காமலேயே குளித்துவிட்டுப் போகிறான், யார் கேட்கப் போகிறார்கள்? தேர்வறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் உதடுகள் மட்டும் அசைந்தன, மண்டைக்குள் கடையில் லென்ஸ் தேய்க்கும் சக்கரம் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. இந்த ஜெர்மன் பரீட்சையில் தேறினால்தான் மனைவி இருக்கும் நாட்டுக்கு விசா. அவள் நர்ஸாகப் போய் இது இரண்டாவது குளிர்காலம்... முதல் குளிர்காலத்தில் போனை வைக்க மனசே வராது, காது இரண்டும் வெந்து, உரித்துத் தட்டில் வைக்கலாம் போலிருக்கும். இப்போது? "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு. நீ?" "ம்." அதோடு சரி. வருத்தமா? வருத்தம்கூட இல்லை, மரத்துப்போன காலை யாரோ மிதிப்பது மாதிரி, மிதிப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

பொழுதுபோக்கு என்னவென்று வகுப்பில் கேட்டபோது திருதிருவென்று முழித்தான், லென்ஸ் தேய்ப்பதை விட்டால் அவனுக்கு என்ன தெரியும்? "நீச்சல்னு அடிச்சு விடுங்க சார், உங்கள தொட்டியிலயா தள்ளிவிடப் போறாங்க?" என்றார் டீச்சரம்மா. எல்லா வியாதிக்கும் அவரிடம் அந்த ஒரே மாத்திரைதான், வகுப்பிலிருந்த பதினேழு பேரும் ஒரே வாரத்தில் நீச்சல் வீரர்கள் ஆனார்கள், தூறலைக் கண்டாலே தும்முகிற பேக்கரிக்காரர்கூட வாய்ப்பந்தலிலேயே மூன்று கடல்களைத் தாண்டிவிட்டார். பக்கத்து நாற்காலி அழகுநிலையக்காரி, இன்றைக்குப் பேச்சுத் தேர்வில் அவனுக்கு ஜோடி, கிசுகிசுத்தாள்: "அண்ணே, நீங்களும் நீச்சலா? போச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து மூழ்கப் போறோம்!" சிரித்தான், அல்லது சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்... எது?

உள்ளே கூப்பிட்டார்கள். ஷ்விம்மன், அதுதான் நீச்சல், என்று அழகுநிலையக்காரி தொடங்கியதுமே தேர்வாளர் அம்மாளின் புருவம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது, காலையிலிருந்து எத்தனை பேர் நீந்தினார்களோ. பிறகு ஜோடிக்காரி தலைப்புச் சீட்டை எடுத்தாள், 'காலை உணவு', யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று அவனைக் கேட்டாள். மனைவியோடு, மிட் மைனர் ஃப்ராவ், தலைகீழாகப் பாடமான பதில், ஆனால் வாய் "அலைன்" என்றது. தனியாக. மற்ற சொற்களைத் தோண்டித் தோண்டி எடுத்தவனுக்கு இது மட்டும் எப்படி எச்சில் மாதிரி ஊறி வந்தது? டீச்சரம்மா சொல்லித் தந்ததில்லை... மனைவிதான், முதல் குளிர்காலத்தில், ஒரு ராத்திரி விசும்பிக்கொண்டே, "தனியாங்கிறதுக்கு இங்க அலைன்னு சொல்றாங்கங்க... நான் அலைன்." அதற்கப்புறம் தினமும் சொன்னாள், போனை எடுத்ததும் அதுதான் முதல் வார்த்தை. இந்தக் குளிர்காலத்தில்? யோசித்தான். நேற்று இல்லை, போன வாரம் இல்லை, அதற்கு முன்னால்... ஒரு தடவைகூட இல்லை. எப்போது நிறுத்தினாள்? நிறுத்தியது காதுக்கு எப்படித் தெரியாமல் போனது? "குட்," என்று தேர்வாளர் அம்மாள் தலையாட்டி மதிப்பெண் போட்டார். இனி அவன் கேள்வி கேட்கும் முறை, சீட்டு கையில் இருந்தது, அழகுநிலையக்காரி கண்ணாலேயே 'கேளுங்கண்ணே' என்று கெஞ்சினாள், அவனுக்கோ ஒரே ஒரு கேள்விதான் தெரிந்தது, நீ இன்னும் அலைனா, அதை இவளிடம் கேட்டு என்ன பிரயோசனம்...