முள்ளைப் பார்க்காதவர்கள்

அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் வெப்ப முள்ளைப் பார்க்கக்கூடாது. கண்ணில் பட்டுவிட்டாலும் அதைப் பற்றிப் பேசக்கூடாது. இப்படியொரு சட்டம் இருப்பதாக யாரும் யாருக்கும் எடுத்துச் சொன்னதில்லை. திருமணமாகி வந்த முதல் மாதத்திலேயே அவள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். வேகமானிக்கு அருகே, அவள் இருக்கையின் பக்கமாக, எஞ்சினின் சூட்டைக் காட்டும், நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் சிறிய அரைவட்டம் ஒன்று இருந்தது. ஒருநாள் அவள் தலை அதை நோக்கிச் சற்றே சாய்ந்தபோது, கணவன் தன் முன்னங்கையை ஸ்டியரிங்கின் மேல் நகர்த்தி அதை மறைத்தான். அவ்வளவுதான். மாமனார் ஓட்டிய காலத்தில் மாமியாரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் மலையேறியிருக்கிறார். ஓட்டுகிறவனின் கவலை ஓட்டுகிறவனுக்கே உரியது என்பதாலா, பார்க்கப் பார்க்க அது ஏறிவிடும் என்ற அச்சத்தாலா என்று அந்த வீட்டில் எவரும் ஆராய்ந்ததில்லை. ஆராய்வதற்கு முதலில் அதைப் பற்றிப் பேசியாக வேண்டுமே.

சென்ற ஆண்டு காப்பி பூத்த வாரத்தில், அந்தச் சட்டம் சிறிதும் மீறப்படாமலேயே, நாற்பது தேன்பெட்டிகளில் இருபத்தொன்று அழிந்தன. பூ இருக்கும் இடம் தேடிப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துப் பிழைக்கிறவர்கள் அவர்கள். கீழே சமவெளியில் பூ ஓய்ந்ததும் மலைமேல் காப்பித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பூ ஒரு வாரம்கூட நிற்காது. மாலையில் தேனீக்கள் திரும்பியதும் பெட்டி வாசல்களைக் கம்பிவலையால் அடைத்து, விடியும் நேரத்தில் வண்டியிலேற்றி, வெயில் உறைப்பதற்குள் மேலே இறக்கிவிட வேண்டும். அன்று மலைச்சாலையில் வேலை நடந்ததால் ஒரு பக்கம் மட்டுமே திறந்திருந்தது. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போன வண்டி, நிழலே இல்லாத ஓரிடத்தில் கொதித்து நின்றுவிட்டது. வாசல்களைத் திறந்துவிடவும் வழியில்லை. முன்னும் பின்னும் நின்ற வண்டிகளில் குழந்தைகள் இருந்தார்கள். பெட்டிகளுக்குள் இரைச்சல் முதலில் உயர்ந்தது. பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் தணிந்தது. மெழுகு இளகித் தேன் பின்பலகை வழியாகத் தார்மீது சொட்டத் தொடங்கியபோது, அவன் சாலையில் குந்தி, சொட்டுகிற இடத்தில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டிருந்தான். எதற்காக ஏந்தினான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

கொதிப்பதற்கு மூன்று வளைவுகளுக்கு முன்பே முள் ஏறத் தொடங்கியதை அவள் கடைக்கண்ணால் பார்த்திருந்தாள். இரண்டாவது வளைவில் சாலையோரம் ஒரு பெரிய மரமும் அதனடியில் வண்டி ஒதுங்கும் அளவுக்கு நிழலும் இருந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை. மரம் பின்னால் போயிற்று. அதன்பிறகு ஓராண்டாக அவன் அந்த நாளைப் பற்றிச் சொன்னதெல்லாம் "வயசான வண்டி" என்ற இரண்டு சொற்கள்தாம். அவள் அதற்குத் தலையாட்டி வந்தாள். ஒவ்வொரு தலையாட்டலும் அவளுக்குள் ஒரு பொய்யாகச் சேர்ந்தது. மிஞ்சிய பத்தொன்பது பெட்டிகளின் தேனீக் கூட்டங்களைப் பிரித்துப் பிரித்து இப்போது முப்பத்துநான்காக்கியிருந்தார்கள். இம்முறையும் போனால் மறுபடி பிரிப்பதற்குக்கூடக் கூட்டம் மிஞ்சாது.

ஆகவே, மேலே காப்பி மொட்டுவிட்ட செய்தி வந்ததும் அவள் தன் தம்பியை வரவழைத்தாள். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் எலக்ட்ரீஷியன். எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் பழைய விசிறி, வண்டி ஊர்ந்தால் தானும் சோம்பிவிடும். அதைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும் மின்விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னால் பொருத்தினால் வண்டி நின்றாலும் காற்று நிற்காது என்று அவன் சொன்னான். காலை பத்து மணிக்கு பானட்டைத் திறந்தவன் மூன்று மணிவரை அதற்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.

"அக்கா, அந்தச் சிவப்பு ஒயரைப் பிடி. இழுக்காத. சும்மா பிடிச்சா போதும்."

"பிடிச்சுத்தான இருக்கேன்."

"எதுக்குப் பயப்படற? ஷாக்கெல்லாம் அடிக்காது, பன்னெண்டு வோல்ட்டுதான்." அவன் பேட்டரியின் முனையிலிருந்து ஃபியூஸுக்கும், ஃபியூஸிலிருந்து ரிலேவுக்கும் தடித்த ஒயரைக் கொண்டுபோனான். ரேடியேட்டர் குழாயில் வெப்பத்தை உணரும் ஸ்விட்ச் ஒன்றைப் பதித்து, அதிலிருந்து மெல்லிய ஒயரை ரிலேவின் இன்னொரு காலில் செருகினான். தண்ணீர் சூடானதும் ஸ்விட்ச் ரிலேவை எழுப்பும். ரிலே விசிறியை எழுப்பும். "மாமா, இவ்வளவு ஒயர் இழுக்கறதுக்கு நீங்க ஒரு புது வண்டியே இழுத்திருக்கலாம்."

"உங்க அக்காவையே இந்த வண்டியிலதான் மாப்ள கூட்டிட்டு வந்தேன்," என்றான் கணவன், நட்டுகளைத் துணியில் துடைத்தபடி. "அவளே ஒண்ணும் சொல்லல. உனக்கென்ன?"

"இது கக்கின புகையில அவளுக்கு வண்டியே தெரிஞ்சிருக்காது."

"உன் வேலை ஒழுங்கா நிக்குமா, அதச் சொல்லு."

"லிஃப்ட்டையே நிக்க வைக்கிறவன் மாமா நான். என் வேலை தப்பினா எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவுல ஆளுங்க தொங்குவாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்தான் தொங்கினாரு. அதுவும் எங்க மேனேஜரு."

கணவன் சிரித்தான். அவன் சிரித்துப் பல நாள் ஆகியிருந்ததால் அவளும் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: "போன வருஷம் கொதிச்சுதே, அப்ப முள்ளு எவ்வளவு நேரத்துல ஏறுச்சு? மெதுவாவா, சட்டுனா? தெரிஞ்சா எத்தனை டிகிரியில ஃபேன் போடணும்னு வச்சுக்கலாம்."

துணிக்குள் நட்டுகள் உரசும் ஓசை நின்றது.

"கவனிக்கல," என்றான் கணவன்.

தம்பி அவளைப் பார்த்தான். "நான் வெளிய பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் அவள். அந்த வாக்கியம் நெடுநாள் தயாராக இருந்ததுபோல் தடையில்லாமல் வந்தது. தம்பி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்கக்கூடாத எதையோ கேட்டுவிட்டதை உணர்ந்தவனாக மறுபடி பானட்டுக்குள் குனிந்தான். சற்றுநேரம் கழித்து, ஃபேன் ஓடுகிறதா என்று தெரிய உள்ளே ஒரு சின்ன விளக்கு போட்டுவிடலாமா என்று பொதுவாகக் கேட்டான்.

"வேண்டாம்," என்றான் கணவன். "கண்ண உறுத்தும்."

நாலு மணிக்குச் சோதனை. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது, மூவரும் முகப்பின் முன் நின்றார்கள். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரிலே 'டிக்' என்றது. விசிறி கனத்த முனகலோடு சுழன்றது. தம்பி ஒரு முழுத் தாள் செய்தித்தாளை ரேடியேட்டரின் முன்னால் நீட்டிக் கையை விட்டான். தாள் கீழே விழவில்லை. தகடுகளின்மேல் பச்சென்று ஒட்டிக்கொண்டது. "இழுக்குது பாத்தியா," என்றான் பெருமையோடு. "ஒயரை மாத்திக் கொடுத்திருந்தா ஊதித் தள்ளியிருக்கும்." போகும்போது அவளிடம் மட்டும், "சூடானா எஞ்சினை அணைக்காத அக்கா, ஓடவிட்டு நிறுத்து. அப்பதான் தண்ணி சுத்தும்," என்றான். ஓட்டப்போவது அவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடம்தான் சொன்னான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது முப்பத்துநான்கு பெட்டிகளும் ஏறிக் கயிறு கட்டப்பட்டிருந்தன. ஏற்றும்போது கூட்டைத் தவறவிட்ட தேனீக்கள் சில, எப்போதும்போல, முகப்பு விளக்குகளைச் சுற்றிக்கொண்டிருந்தன. கிளம்பினால் அவை ரேடியேட்டருக்குள் இழுபட்டுச் சாகும் என்பதற்காக முகப்பில் நைலான் வலையொன்றைக் கட்டுவது அவர்கள் வழக்கம். அவன் வலையை எடுத்து வந்தான். ஒருகணம் யோசித்து, அதை இரண்டாக மடித்தான்.

"இந்த ஃபேன் இழுக்கிற இழுப்புக்கு ஒத்த வலை தாங்காது," என்றான். "பாவம், உள்ள போயிரும்." அவன் ஒரு முனையைக் கட்டினான், மறுமுனையை அவள் கட்டினாள். வலையில் மோதிய ஒரு தேனீயை அவன் சுட்டுவிரலால் மெல்லத் தள்ளிவிட்டதை அவள் பார்த்தாள். இந்த மனிதனிடம் தான் எதையும் சொல்லிவிடலாம் என்று அப்போது தோன்றியது. அவன் வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கின்மேல் முன்னங்கையை வைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

சமவெளியில் அச்சமில்லை. மலையடிவாரத்தில் ரிலே தட்டும் ஓசை ஒருமுறை கேட்டது, விசிறி எழுந்தது. விளக்கு இல்லாததால் அவள் காதையே விளக்காக்கிக்கொண்டாள். எஞ்சின் உறுமலுக்கும் பின்னாலிருந்து வரும் தேனீக்களின் இரைச்சலுக்கும் நடுவே அந்த முனகலைப் பிரித்தெடுத்து, நழுவும்போதெல்லாம் மறுபடி தேடிப் பிடித்தாள். ஐந்தாவது வளைவு. ஆறாவது. ஏழாவதுக்கு அப்பால் சிவப்புக் கொடி பிடித்த ஒருவன் நின்றிருந்தான்; இந்த ஆண்டும் சாலையில் வேலை. அவனுக்கு முன்னால் லாரிகளின் வால்விளக்குகள் மலையைச் சுற்றி மேலே போய்க்கொண்டிருந்தன. வண்டி முதல் கியருக்கு இறங்கி ஊர்ந்தது. எதிர்மலையின் விளிம்பைத் தாண்டி வெயில் முன்கண்ணாடியில் விழுந்தது.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஐயமில்லை; ஆனால் முன்பைவிடத் திணறலாக, வாயைப் பொத்திய ஒருவர் மூக்கால் இழுப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. அவள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணின் ஓரத்தில் முள் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. காற்று இருக்கிறது, ஆனால் போய்ச் சேரவில்லை என்று நினைத்தாள். ஏன் சேரவில்லை? நேற்றைய செய்தித்தாள், கையை விட்டபிறகும் விழாமல் தகடுகளை மூடிக்கொண்டு ஒட்டி நின்ற அந்தத் தாள், நினைவுக்கு வந்தது. சோதனையின்போது முகப்பில் வலை இல்லை. இன்று இரண்டு மடிப்பு வலை. அதில் பனி ஈரம். வழியெல்லாம் வந்து அப்பிய பூச்சியும் புழுதியும். விசிறி இழுக்க இழுக்க அது ரேடியேட்டரின் முகத்தில் அழுந்திக்கொண்டிருக்கிறது. தேனீ சாகக்கூடாது என்று அவர்களே, இருவர் கையாலும், முடிச்சிட்டுக் கட்டியது.

அவள் அவனைப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை. அவனும் முள்ளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே முன்னால் நின்ற லாரியின் எண்பலகையை வெறித்துக்கொண்டிருந்தான். பின்னால் இரைச்சலின் சுருதி மேலேறியது. அந்தச் சுருதியை அவளுக்குத் தெரியும்; ஓராண்டாகக் கனவில் கேட்டது. இதற்குப் பிறகு எது வரும் என்பதும் தெரியும்.

"என்னங்க."

"பேசாம வா."

"முள்ளு ஏறுது."

அவன் முன்னங்கை தானாக நகர்ந்து அரைவட்டத்தை மறைத்தது. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டு சுட்டது. அதைத் தூக்கி அவன் மடியில் வைத்துவிட்டு, இருக்கையிலிருந்து முழுவதும் திரும்பி, வெப்ப முள்ளை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"சிவப்புக்கு ஒரு விரல் கீழ நிக்குது. போன வருஷமும் பாத்தேன். மூணு வளைவு பாத்துக்கிட்டே வந்தேன், சொல்லல. அந்த மரம் போச்சு, அப்பவும் சொல்லல. இப்ப சொல்றேன். ஃபேன் ஓடுது, ஒயர்ல கோளாறில்ல. வலைதான் அடைக்குது. ஓரமா நிறுத்துங்க. எஞ்சின அணைக்காதீங்க. நான் இறங்கி அறுத்துடறேன்."

அவன் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. பிரேக்குக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் சுட்டுவிரல் அரைவட்டத்தின் கண்ணாடிமேல், முள்ளின் நுனிக்கு நேராக இருந்தது. கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. "இந்தா பாருங்க," என்றாள். இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக நான்கு கண்கள் அந்தச் சிறிய அரைவட்டத்தில் ஒன்றாகப் பதிந்தன. அவன் கால் பிரேக்கைத் தேடி அழுத்தியது. அவள் விரலடியில் முள் ஒரு மயிரிழை அசைந்தது.